கதவை நான் வெளியே அழைத்த ஆட்டம்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாகவே இருக்கிறோம், சுகமில்லை என்று படுத்துக்கொள்ள இரண்டு பேருக்கும் நேரம் வாய்க்கவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி, போனில் நீ எப்போதும் நல்லா இருக்கோம்மா என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறாய்.

நம் கட்டடத்து லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது. கம்பெனி ஆட்கள் வந்தார்கள், அப்பா கீழே இறங்கிப்போய் அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு பிரேக்கைப் பார், ரிலேயைப் பார் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார், ரிட்டயர் ஆன மெக்கானிக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களால் வேலை செய்ய முடியாது என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது எல்லோரும் படியேறுகிறோம், எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா அப்பாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். உன் தம்பி மனைவிக்கு இது ஏழாவது மாதம், அவளால் ஏறி வர முடியாது என்பதால் நாங்களே போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம். கால் மட்டும் வீங்குகிறது, மற்றபடி தெம்பாக இருக்கிறாள், உன் தம்பிதான் அவளைவிட அதிகமாகப் பெருமூச்சு விடுகிறான்.

அவன் உன்னிடம் போட்டுக் கொடுத்துவிட்டான் என்று எனக்குத் தெரியும். அம்மாவைக் காலேஜ்ல ஓரங்கட்டிட்டாங்களாமே, நீங்க ரெண்டு பேரும் ஏன் என்கிட்ட மூச்சு விடலை என்று நீ அப்பாவிடம் கத்தினாயாம். நான் போனில் சொல்லாததற்குக் காரணம், பாதி சொல்வதற்குள் நீ எனக்காகச் சண்டைக்குக் கிளம்பிவிடுவாய். கடிதத்தில் அப்படி நடுவில் புக முடியாது, அதனால் முழுவதையும் எழுதுகிறேன், படித்து முடித்த பிறகு யார்மீது வேண்டுமானாலும் கோபப்படு, என்மீது என்றாலும் சரி.

நான் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு எடுக்கும் பாடம் உனக்குத் தெரியும், தனிநபர் விளையாட்டு, இருவர் விளையாட்டு, குழு விளையாட்டு, மூன்றுக்கும் அறிமுகம். உடற்கல்வி ஆசிரியராக வேண்டும் என்று வருகிற பிள்ளைகள் எல்லோருமே ஏதோ ஒரு விளையாட்டில் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள், மற்ற இரண்டு வகையும் விளையாட்டே இல்லை என்று நினைத்துக்கொண்டும் வருவார்கள். ஓடுகிறவனுக்குப் பந்து விளையாடுகிறவர்கள் கூட்டத்தில் ஒளிந்துகொள்கிற சோம்பேறிகள், பந்து விளையாடுகிறவனுக்கு ஓடுகிறவன் யாரோடும் சேரத் தெரியாதவன். அதனால் முதல் நாள் வகுப்பறைக்குள் யாரையும் விடுவதில்லை, மைதானத்தில் உட்கார வைத்து, தோற்றுப்போனால் யாரைத் திட்டுவீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்பேன். நீச்சல்காரர்கள் தங்களையே திட்டிக்கொள்வார்கள், டென்னிஸ்காரர்கள் எதிரில் நின்றவனின் அதிர்ஷ்டத்தைத் திட்டுவார்கள், கால்பந்துக்காரர்கள் தங்களைத் தவிர மற்ற பத்துப் பேரையும் நடுவரையும் திட்டுவார்கள். சிரிப்பு அடங்கியதும் பாடம் தானாக ஆரம்பித்துவிடும். இருவர் விளையாட்டு என்றால் இரட்டையர் ஆட்டம் மட்டும்தானே என்று யாராவது கேட்பார்கள், இல்லை, எதிரில் ஒரு ஆள் இல்லாமல் நீ விளையாடவே முடியாத ஆட்டம், மல்யுத்தமும் அதுதான் மேசைப்பந்தும் அதுதான் என்று சொல்வேன். தொடர் ஓட்டம் எதில் சேரும் என்று இன்னொருவர் கேட்பார், அதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன், அவர்களே அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவேன், ஒரு வகுப்பு நன்றாகப் போகும்.

இந்த முறை ஒரு பெண் வந்தாள், நல்ல உயரம், உயரம் தாண்டுகிறவள், வரிசையில் கடைசியில் தனியாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். தோற்றால் யாரைத் திட்டுவாய் என்றேன். யாரையும் திட்ட மாட்டேன் மேடம், வீட்டுக்குப் போயிடுவேன் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை, உண்மையாகவே சொல்லியிருக்கிறாள். அப்பா இல்லாத பிள்ளை, அம்மா ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள், பள்ளியில் படித்த காலம் முழுவதும் இவள் தனியாகத்தான் பயிற்சி செய்திருக்கிறாள், கம்பை வைப்பாள், தாண்டுவாள், விழுந்தால் எழுந்து தானே கம்பைத் தூக்கி வைப்பாள். வகுப்பில் யாரிடமும் பேச மாட்டாள், கேட்டால் பதில், இல்லாவிட்டால் மௌனம்.

இறகுப்பந்து வாரத்தில் இவளை ஒரு குள்ளமான பெண்ணோடு ஜோடி சேர்த்தேன். அந்தப் பெண்ணை எல்லோரும் சுண்டு என்று கூப்பிடுவார்கள், வாய் ஓயாது, தூக்கத்தில்கூடப் பேசுவாள் என்று விடுதிப் பிள்ளைகள் சொல்வார்கள். முதல் நாள் இரண்டு பேரும் ஒரே இறகுக்குப் பாய்ந்து மோதிக்கொண்டார்கள், அடுத்த இறகு இரண்டு பேருக்கும் நடுவில் மெதுவாகத் தரையில் விழுந்தது, இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுண்டுவுக்கு அழுகையே வந்துவிட்டது, இவ வாயைத் திறக்க மாட்டேங்கிறா மேடம், நான் செவுத்தோட விளையாடுற மாதிரி இருக்கு என்றாள். நான் நெட்டைக்காரியைக் கூப்பிட்டு, இந்த ஆட்டத்தில் நீ ஒரே ஒரு வார்த்தை பேசினால் போதும், என்னுது என்று சொல், அது உன்னுடையது இல்லை என்றால் உன்னுது என்று சொல் என்றேன். முதலில் முணுமுணுத்தாள், பிறகு சொன்னாள், வாரக் கடைசியில் இரண்டு மைதானம் தள்ளிக் கேட்கும்படி கத்தினாள். அதோடு இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள், சாப்பாட்டுக் கூடத்திலும் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள், ஒருத்தி பேச ஒருத்தி கேட்க.

அதற்கு அடுத்தது கைப்பந்து, கையால் எறிந்து கோல் போடும் ஆட்டம். கோலில் நிற்க யாருக்கும் விருப்பமில்லை, கிட்டத்தில் இருந்து பந்து முகத்தை நோக்கி வரும், யார் நிற்பார்கள். முதுகில் விழுந்து பழகியவள் என்பதால் நெட்டைக்காரியை நிறுத்தினேன். அன்று மத்தியானம் அவளைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை. கையை விரிப்பாள், காலைத் தூக்குவாள், என்னுது என்று கத்திக்கொண்டு பந்தின்மேல் போய் விழுவாள். கல்லூரி அணியின் பயிற்சியாளர் (புதிதாக வந்தவர், நல்ல பிள்ளை, உன் தம்பி வயதுதான் இருக்கும்) வேலியோரமாகப் போய்க்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இதென்னடி சாத்தி வெச்ச கதவு மாதிரி நிக்கிறே என்று சுண்டு சொன்னாள், அன்றிலிருந்து அவள் பெயர் கதவு. அவளைக் கல்லூரி அணியில் முதல் கோல்கீப்பராக எடுத்தார்கள், சுண்டு மாற்று கோல்கீப்பர். அணியோடு போய்வரும் பொறுப்பாசிரியை நான். ஆட்டத்துக்குப் போகும்போது வேனில் கடைசி சீட்டில் உட்கார்ந்து கதவு மற்றவர்களோடு சேர்ந்து பாடுவதை ஒருநாள் பார்த்தேன், சுருதி சேரவில்லை, ஆனால் பாடினாள்.

இப்போது அந்த ஆட்டத்துக்கு வருகிறேன். கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டம், வேறொரு கல்லூரியின் உள்ளரங்கில். பெரிய அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர்கள் மேல்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் முக்கியமாகக் கதவைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று பயிற்சியாளர் என் காதில் சொன்னார், அவளுக்கும் சொல்லியிருந்தார். தேர்வானால் தங்க இடம், சாப்பாடு, பயிற்சி, படிப்பு முடிந்ததும் வேலை, எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பாதி ஆட்டம் வரை அவள் நின்ற நிற்பைப் பார்த்து எதிரணிப் பிள்ளைகளே கைதட்டினார்கள். நாங்கள் முன்னிலையில் இருந்தோம். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும், எதிரணிப் பெண் ஒருத்தி குதித்து எறிந்த பந்து கதவின் நெற்றிப்பொட்டில் பட்டது, பட்ட வேகத்தில் அவள் பின்னால் சாய்ந்து தலை கம்பத்தில் இடித்தது. அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. நான் எழுந்து நிற்பதற்குள் அவளும் எழுந்துவிட்டாள்.

நடுவர் கையசைத்ததும் பயிற்சியாளரும் நானும் உள்ளே ஓடினோம். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன், இது எந்தப் பாதி, கடைசி கோல் யார் போட்டது, போன ஆட்டம் யாரோடு. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள். தலை சுற்றுகிறதா, இல்லை மேடம். கண் மங்குகிறதா, இல்லை மேடம், விடுங்க, ஆட்டம் ஆரம்பிக்கட்டும். கோல்கீப்பர்கள் தாங்கள் நிற்கும் இடம் தெரிவதற்காக இரண்டு பக்கக் கம்பத்தையும் மாறிமாறித் தொட்டுப் பார்ப்பார்கள், அது அவர்கள் பழக்கம். அவள் இடது கம்பத்தைத் தொட்டாள், திரும்பினாள், மறுபடியும் இடது கம்பத்தையே தொட்டாள். வேறு ஒன்றும் இல்லை. பயிற்சியாளர் அதைப் பார்க்கவில்லை, நடுவரும் பார்க்கவில்லை, நான் மட்டும் பார்த்தேன், நான் பார்த்ததும் ஒருவேளை ஒன்றுமில்லாமல் இருக்கலாம். எங்கள் கல்லூரியில் ஒரு விதி உண்டு, தலையில் அடிபட்டால் தொடர்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது கூட வந்த பொறுப்பாசிரியர்தான். வெளியே வா என்றேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் பின்னால் நகர்ந்து கோலுக்குள் போய் நின்றுகொண்டாள். பயிற்சியாளர் என் முழங்கையைப் பிடித்து, மேடம், கொஞ்ச நேரந்தான் பாக்கி, அவங்க எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க, அவ வாழ்க்கை மேடம் இது என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் கோலுக்குள் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். ப்ளீஸ் மேடம், எனக்கு ஒண்ணும் இல்ல மேடம், நான் தாங்கிக்குவேன் என்றாள், நான் ஒன்றும் பேசவில்லை, பேசினால் விட்டுவிடுவேன் என்று எனக்குத் தெரிந்தது. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். அவளை நடத்திக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்தேன், தலையில் ஒரு துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டாள். சுண்டு உள்ளே போனாள். பாவம், அவளும் சில பந்துகளைப் பிடித்தாள், முன்னிலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது, கடைசி நேரத்தில் அவள் கைக்கு மேலே ஒரு பந்து போய்விட்டது, கதவாக இருந்தால் விரல் நுனியில் தட்டியிருப்பாள். ஒரு கோலில் தோற்றோம். தேர்வாளர்கள் கீழே வந்து இரண்டு பெண்களின் பெயரைக் குறித்துக்கொண்டார்கள், இரண்டு பேரும் எதிரணி. பயிற்சியாளர் போய்க் கேட்டாராம், பாதி ஆட்டத்தை வைத்து நாங்கள் எப்படி முடிவு செய்வது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்களாம்.

அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. ஸ்கேனில் ஒன்றும் தெரியாததால் மட்டும் அடிபடவில்லை என்று சொல்ல முடியாது, சில நாள் ஓய்வில் இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அவளுக்குத் தலைவலிகூட வரவில்லை, வாந்தி இல்லை, மயக்கம் இல்லை, ஓய்வு முடிந்து நன்றாகவே எழுந்து வந்தாள். நான் சந்தோஷப்பட்டேன், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அவள் நன்றாக இருக்க இருக்க நான் செய்தது தப்பாகிக்கொண்டே போனது. அவளுக்குப் பெரிதாக ஏதாவது ஆகியிருந்தால் நான் உயிரைக் காப்பாற்றியவள், ஒன்றும் ஆகாததால் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தவள். முதல்வர் கூப்பிட்டார். விதிப்படி நீங்க செஞ்சது சரிதான், ஆனா கொஞ்சம் நிதானமா யோசிச்சிருக்கலாமேம்மா என்றார். நிதானமாக யோசிக்க அங்கே எவ்வளவு நேரம் இருந்தது என்று நான் கேட்கவில்லை. இனிமேல் நீங்கள் வகுப்பை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அணியோடு வேறு யாராவது போகட்டும் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து முகம் கழுவிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனேன், அன்றைக்கு மேசைப்பந்து, நன்றாகவே எடுத்தேன். உன் தம்பி ஓரங்கட்டினார்கள் என்று சொன்னது இதைத்தான்.

ஒரு சாயங்காலம் கதவின் அம்மா நம் வீட்டைத் தேடி வந்தாள். லிஃப்ட் இல்லை, கோபத்தோடு இத்தனை படியும் ஏறி வந்திருக்கிறாள், நான் வாசலைத் திறந்தால் அவளுக்கு மூச்சு வாங்குகிறது, திட்ட வாய் வரவில்லை. அப்பா அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார், குடித்தாள், இன்னும் கொஞ்சம் கேட்டாள், அப்புறம் ஆரம்பித்தாள். பிளீச்சிங் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள், அவற்றை மடியில் கோத்துக்கொண்டு பேசினாள். உங்க பொண்ணா இருந்தா இப்படி இழுத்துட்டு வந்திருப்பீங்களா என்றாள். என் பொண்ணா இருந்தாலும் இழுத்துட்டுதான் வந்திருப்பேன் என்றேன். வருவீங்க, உங்க பொண்ணுக்கு இது போனா இன்னொண்ணு கிடைக்கும், என் பொண்ணுக்கு இருந்தது இது ஒண்ணுதானே என்றாள். உன்னை நினைத்துக்கொண்டேன். உனக்கு ஒன்று போனபோதெல்லாம் இன்னொன்று கிடைத்ததுதான், நாங்கள் இருந்தோம். அவள் கேட்டது நியாயமான கேள்வி, என் முடிவும் மாறவில்லை, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. போகும்போது அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழ்வரை கூடப் போய் வந்தார். வழியில் என்ன பேசினார்கள் என்று கேட்டேன், லிஃப்ட் எப்ப சரியாகும்னு கேட்டாங்க என்றார்.

இதில் அதிகமாக அடிபட்டது யார் என்று கேட்டால் சுண்டு என்றுதான் சொல்வேன். என்னைத் திட்ட முடியாதவர்கள் எல்லோரும் அவளைத் திட்டினார்கள். ஓட்டை வலை என்று ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அந்த வாய் ஓயாத பெண் பேசுவதை நிறுத்திவிட்டாள், பயிற்சிக்கு வருவதில்லை, வகுப்பில் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். கதவு என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்லாமல் போவாள், ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருத்தி ஓட்டை வலை என்று சொன்னபோது தட்டை வைத்துவிட்டு எழுந்து, அந்தப் பந்தை நானும் விட்டிருப்பேன், எவளாவது இன்னொரு தடவை சொல்லுங்க பாக்கலாம் என்று கேட்டிருக்கிறாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அந்தப் பந்தை அவள் விட்டிருக்க மாட்டாள் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், அதனால்தான் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். அடுத்த நாள் சுண்டுவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கோலில் நிறுத்தி, இவளே பந்து எறிந்து பழக்கினாள். ஆனால் இவள் கோலுக்குத் திரும்பவில்லை. பயிற்சியாளர் கெஞ்சிப் பார்த்தார். யாரும் என்னை நடுவுல வெளியே கூப்பிட முடியாத ஆட்டம் எனக்குப் போதும் சார் என்று சொல்லிவிட்டு உயரம் தாண்டும் மெத்தைக்கே போய்விட்டாள். அவர் என்னிடம் வந்து அதை அப்படியே சொன்னார், குற்றம் சொல்லவில்லை, மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

போன மாதம் தடகளப் போட்டி, எங்கள் மைதானத்திலேயே நடந்தது. அணியோடு போவதுதான் எனக்கு இல்லை, நம் மைதானத்தில் உட்கார்ந்து பார்க்க யாரும் தடை சொல்லவில்லை, போய்ப் படிவரிசையில் உட்கார்ந்தேன். சலவைக்கூடத்து அம்மாவும் வந்திருந்தாள், என்னைப் பார்த்துவிட்டு ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்தாள். உயரம் தாண்டலில் கடைசியில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள், கதவும் வேறு கல்லூரிப் பெண் ஒருத்தியும். அந்தப் பெண் முதல் முயற்சியிலேயே அடுத்த உயரத்தைத் தாண்டிவிட்டாள். கதவு ஓடி வந்தாள், எம்பும்போது கணுக்கால் பிசகியது, கம்போடு சேர்ந்து மெத்தையில் விழுந்தாள். எழுந்து நடந்தாள். நொண்டவில்லை, நன்றாகத்தான் நடந்தாள், ஆனால் அடி வைக்கும் முன்னால் ஒவ்வொரு முறையும் காலைப் பார்த்தாள். இன்னும் இரண்டு வாய்ப்பு பாக்கி இருந்தது. ஓடத் தொடங்கும் இடத்தில் போய் நின்றாள். ஓடலாம் என்று கொடியைத் தூக்கினார்கள். அவள் ஓடவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது, ஓடுடி, ஓடுடி என்று சுண்டு வேலியில் தொங்கிக்கொண்டு கத்தினாள், பிறகு அவளும் நிறுத்திவிட்டாள். கதவு மெதுவாக நடந்துபோய் நடுவரிடம், போதும் சார், நான் விலகிக்கிறேன் என்றாள். அவ்வளவு தூரத்தில் எனக்குக் கேட்கவில்லை, அவள் கையை அசைத்ததில் தெரிந்தது. இரண்டாம் இடம்.

ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாத்தீங்களா, இப்ப அவளே போதும்னுட்டா, இதுவும் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் என்றாள். திட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன், பார்த்தும் தெரியவில்லை.

போட்டி முடிந்ததும் கதவு கணுக்காலில் ஐஸ் கட்டிக்கொண்டு வகுப்பு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள், நான் அந்த வழியாகத்தான் போக வேண்டும். மேடம் என்று கூப்பிட்டாள். அந்த ஆட்டத்துக்கு அப்புறம் அவள் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அன்னிக்கு என்னை வெளிய இழுத்துட்டு வந்தீங்களே, உங்களுக்கு அது ஈசியா இருந்துதா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஐஸ் கட்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். எனக்கும் இன்னிக்கு ஈசியா இல்ல, ஓடிடலாம்னுதான் கால் சொல்லுச்சு என்றாள். பிறகு, உங்கமேல எனக்குக் கோவம் இன்னும் போகலை மேடம், சொல்லிட்டேன் என்றாள். இருக்கட்டும் என்றேன், அந்தக் கோபத்துக்கு அவளுக்கு உரிமை உண்டு. எழுந்திருக்கக் கையை நீட்டினாள், பிடித்துத் தூக்கிவிட்டேன், என் தோளைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினாள், கீழே சுண்டு காத்திருந்தாள், இரண்டு பேரும் போனார்கள். சுண்டு பேசிக்கொண்டே போனாள்.

இவ்வளவுதான் நடந்தது. முதல்வர் முடிவை மாற்றவில்லை, மாற்றுவார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வருஷம் தேர்வாளர்கள் வருவார்கள், அதற்குள் கதவு கோலுக்குத் திரும்புவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியாது, நானாகப் போய்ச் சொல்லவும் மாட்டேன். அன்று அவளை விளையாட விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது, அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது, ஜெயித்திருப்போம், அவளை எடுத்திருப்பார்கள். அதைத் தெரிந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். நாளைக்கே அதே இடத்தில் அதே மாதிரி ஒரு பிள்ளை ஒரே கம்பத்தை இரண்டு தடவை தொட்டால் மறுபடியும் கூப்பிடுவேன். ஆட்டத்துக்குப் போகும் வேனில் உட்கார முடியவில்லை என்பது மட்டும் கொஞ்சம் வருத்தம், ஈரக் காலுறை நாற்றத்தையும் அந்தப் பாட்டுகளையும் யாராவது தேடுவார்களா என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். என் சார்பாக முதல்வருக்கு எதுவும் எழுதி வைக்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் முகம் சுளிக்காமல் இருங்கள், குட்டி நன்றாக வளரட்டும், மூன்று பேருக்கும் நல்ல உடம்பும் நல்ல தூக்கமும் கிடைக்க அப்பாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். ஒன்றை மறக்காமல் செய். போன ஞாயிறு பேசும்போது நடுநடுவே போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமினாய், எனக்குக் கேட்காது என்று நினைத்தாய் போலிருக்கிறது. நீ இரண்டு அறை தள்ளி இருமினாலும் எனக்குக் கேட்கும், கடல் தாண்டி இருமினாலும் கேட்கும். இந்த வேலை முடியட்டும், அந்த வேலை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் லீவு போட்டுவிட்டு டாக்டரைப் போய்ப் பார். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு உன் கையைப் பிடித்து என்னால் கூட்டிக்கொண்டு போக முடியாது, நீயாகத்தான் எழுந்து போக வேண்டும்.

எப்போதும் உன் நினைப்பில்,
அம்மா